ஆனியில் சுற்றும் சேவல்: தோட்டத்தில் காற்றுதிசைகாட்டி வைப்பது பற்றி ஒரு பதில்

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தோட்டத்தோடு சேர்ந்த வீடு, கிழக்குப் பார்த்த வாசல். வாசலுக்கு முன்னால் பூச்செடிகளுக்கு நடுவே ஆறடிக் கம்பியில் ஒரு சேவல் காற்றுதிசைகாட்டி, இணையத்தில் வாங்கியது. போன கார்த்திகையில் கிழக்கைப் பார்த்துக் கச்சிதமாக நின்றது. ஆனி பிறந்ததிலிருந்து பம்பரம் மாதிரி சுற்றுகிறது. சில நாள் அசையாமல் தெற்கையே பார்த்து நிற்கிறது. திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக் காற்றுச் சொல்லிக்கொண்டிருந்த உங்கள் மாமனாருக்கு வருத்தம். இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமா, எப்படிப்பட்டதை வாங்குவது, எங்கே நடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தூக்கிப் போடாதீர்கள். சேவலில் குறை இருந்தாலும் அது சின்னக் குறை. பெரிய குறை அது நிற்கும் இடத்தில்.

உடுமலைப் பக்கக் காற்றாலைகளில் பல வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். இப்போது வேலந்தாவளத்தில் இருக்கிறேன், உங்களுக்கு வெகு தூரமில்லை. காற்றாலையின் உச்சிப் பெட்டிக்கு மேல், இறக்கைகளுக்குப் பின்னால், ஒரு சாண் நீளத்தில் சின்னதாக ஒரு காற்றுதிசைகாட்டி இருக்கும். அவ்வளவு பெரிய இயந்திரம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. அதனால் இந்தப் பொருள் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அலங்காரத்துக்கு வைத்தாலும் அது உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. பொய் சொல்லும் காற்றுகாட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டு மாதத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

சரி, ஏன் சுற்றுகிறது? நம் ஊர்க் காற்றை நினைத்துப் பாருங்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய இடைவெளி வேறு எங்கும் கிடையாது. வடக்கிலும் தெற்கிலும் மலை நிற்பதால் காற்றுக்குப் போக வழி இரண்டுதான். ஆனி தொடங்கி ஆவணி தாண்டும் வரை மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. அதைத்தான் இங்கே மலையாளத்துக்காரர்கள் விருச்சிகக் காற்று என்கிறார்கள், கார்த்திகைதான் அவர்களுக்கு விருச்சிகம். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டதும், அந்தப் பக்கம் உடுமலை வரை காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதும் இந்த ஓட்டத்தை நம்பித்தான்.

இப்போது உங்கள் சேவலைப் பாருங்கள். அது வீட்டுக்குக் கிழக்கே நிற்கிறது. கார்த்திகைக் காற்று கிழக்கிலிருந்து தடையில்லாமல் வந்து அதைத் தொட்டது, சேவலும் சரியாக நின்றது. ஆனிக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. வழியில் உங்கள் வீடே குறுக்கே நிற்கிறது. ஆற்றில் ஒரு பாறைக்குப் பின்னால் தண்ணீர் எப்படிச் சுழித்துக்கொண்டு நிற்குமோ அப்படித்தான் வீட்டைத் தாண்டிய பக்கம், அதாவது உங்கள் வாசல் பக்கம், காற்றும் சுழிக்கும். ஆறடிக் கம்பி அந்தச் சுழிக்குள் முழுவதுமாக மூழ்கிக் கிடக்கிறது. சேவல் சுற்றுவது தப்பு இல்லை. அந்த இடத்தில் காற்று உண்மையிலேயே சுற்றுகிறது.

இந்தக் கலங்கல் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் முக்கியம். வானிலை நிலையங்களில் காற்றுதிசைகாட்டியைத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் வைப்பார்கள். பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு தள்ளி நிறுத்துவார்கள். உங்கள் வீடு கைப்பிடிச் சுவரோடு 14 அடி என்றால் 140 அடி தள்ள வேண்டும். 50 அடித் தென்னை என்றால் 500 அடி. தோப்புக்குள் இது நடக்கிற காரியமா? நடக்காது. ஆனால் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. சமவெளியில் எல்லாத் திசையிலும் வெட்டவெளி வேண்டும். கணவாய்க்குள் வாழும் நமக்கு மேற்கும் கிழக்கும் திறந்திருந்தால் வருடத்தின் பெரும்பகுதிக்குப் போதும். வடக்கிலும் தெற்கிலும் தென்னை நின்றாலும் பரவாயில்லை.

ஆகவே வாசலை விட்டு விடுங்கள். வீட்டுக்கு நேர் முன்னாலும் வேண்டாம், நேர் பின்னாலும் வேண்டாம். வடக்கு அல்லது தெற்குப் பக்கமாக விலகி, கிழக்கு மேற்காக நீளும் ஒரு வெற்றிடத்தைத் தேடுங்கள். வண்டித்தடமாக இருக்கலாம், வாய்க்கால் வரப்பாக இருக்கலாம், கடலை போடும் துண்டு நிலமாக இருக்கலாம். அதே சமயம் மாமனார் உட்காரும் திண்ணையிலிருந்து தெரிய வேண்டும். இந்த இரண்டும் சேரும் இடம் ஒன்றிரண்டுதான் கிடைக்கும்.

இடத்தை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். பதினைந்து அடி மூங்கில் ஒன்றை எடுத்து, நுனியில் பழைய வேட்டியிலிருந்து இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளத்துக்குக் கிழித்த துணியைக் கட்டுங்கள். உத்தேசித்த இடத்தில் நட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். துணி ஒரே பக்கமாக நீண்டு படபடத்தால் நல்ல இடம். சற்றைக்கொரு தரம் கம்பைச் சுற்றிக்கொண்டால் அந்த இடம் ஆகாது, அடுத்த இடத்துக்கு மாற்றுங்கள். நான் பார்த்தவரை வீடுகளில் யாரும் இதைச் செய்வதில்லை. குழி தோண்டிக் கான்கிரீட் போட்ட பிறகுதான் யோசிக்கிறார்கள். ஆடி முடிவதற்குள் செய்துவிட்டால் மேற்கிலிருந்து வரும் மேல்காற்றுக்கு இடம் உறுதியாகிவிடும். கிழக்குக் காற்றுக்கு மறுபடி கார்த்திகையில் ஒரு தரம் மூங்கிலை நட்டுப் பார்க்கலாம்.

மோட்டார் ரூம் மேலேயோ தண்ணீர்த் தொட்டி மேலேயோ வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம். ஆனால் கூரை விளிம்பில் மோதிய காற்று மேல்நோக்கி எகிறும். ஆகவே கூரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வைத்தால் பயனில்லை, ஆறடியாவது மேலே போக வேண்டும். தோட்டத்துத் தரையில் நடுவதானால் என் கணக்கு 12 அடி. பத்தடிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். தாழ்வாக இருந்தால் சேவலின் மூக்கும் அம்பு முனையும் ஓடி விளையாடும் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு வந்துவிடும், அந்தப் பயமும் உண்டு.

இப்போது அசையாமல் தெற்கைப் பார்த்து நிற்கும் விஷயம். இது வேறு நோய். காற்று ஓயும்போதெல்லாம் ஒரே திசைக்குத் திரும்பி நிற்கிறது என்றால், கம்பம் சாய்ந்திருக்கிறது, சேவலின் ஒரு பக்கம் கனமாகவும் இருக்கிறது. கனமான பக்கம் பள்ளத்துக்கு உருளும், அவ்வளவுதான். உங்கள் சேவலுக்கு வால் பக்கம் கனம், கம்பம் வடக்கே சாய்வு என்று நினைக்கிறேன். தூக்குக்குண்டு கட்டியோ ரசமட்டம் வைத்தோ பாருங்கள். சித்தூர்த் தாலுகாவின் கிழக்கில் பல இடம் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். ஒன்றரை அடிக் குழியில் நட்ட கம்பம் ஒரு வருடம் தாண்டி நேராக நிற்பது கஷ்டம்.

காற்றுகாட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வாங்கும்போது கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. சுழலும் அச்சுக்கு இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். ஆனால் காற்றுப் படும் பரப்பு சமமாக இருக்கக் கூடாது. வால் பக்கம் அதிகமாக இருக்க வேண்டும். காற்று வாலை அதிகமாகத் தள்ளும், வால் காற்றுப் போகும் திசைக்கு ஒதுங்கும், மூக்கு காற்று வரும் திசையைப் பார்க்கும். மேல்காற்று அடித்தால் சேவல் மேற்கைப் பார்க்கும். அம்பு காட்டும் பக்கம் காற்றுப் போகிறது என்று நிறையப் பேர் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள். மேல்காற்று என்றாலே மேற்கிலிருந்து வருவதுதானே? வந்த திசையின் பெயரைக் காற்றுக்கு வைப்பது நம் பழைய வழக்கம். வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. காற்றுகாட்டியும் அதே வழக்கப்படிதான் பேசுகிறது.

எடை சமம், பரப்பு அசமம். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். உருவத்தை ஓர் அட்டையில் வைத்து வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய அட்டையை ஓர் அடிக்கோலின் விளிம்பில், நீளத்துக்குக் குறுக்காக வைத்துச் சமனாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கோடு போடுங்கள். அதுதான் பரப்பின் நடு. அச்சு அந்தக் கோட்டுக்கு மூக்குப் பக்கமாகத் தள்ளி இருக்க வேண்டும். மொத்த நீளத்தில் ஆறில் ஒரு பங்காவது தள்ளி இருப்பது நல்லது. கோட்டின் மேலேயே அச்சு விழுந்தால் அந்த உருவம் காற்றைக் காட்டாது, விருப்பத்துக்குச் சுற்றும். பிறகு உலோக உருவத்தை அச்சு வரும் இடத்தில் படுக்கை வாட்டில் ஒரு கம்பியின் மேல் வைத்துப் பாருங்கள். வால் பக்கம்தான் இறங்கும். மூக்குப் பக்கம் ஓர் உருண்டைக் கம்பியோ நட்டோ ஈயத்துண்டோ சேர்த்து, எந்தப் பக்கமும் இறங்காதபடி செய்ய வேண்டும். உங்கள் சேவலுக்கு இந்த ஒரு வேலை செய்தாலே பாதி நோய் போய்விடும்.

புதிதாக ஒன்று செய்வதானால், சேவல்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஐரோப்பாவில் தேவாலயக் கோபுரங்களில் சேவல் வைத்த பழக்கம் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது. அங்கிருந்துதான் கடைகளுக்கெல்லாம் வந்தது. அதற்கும் முன்னால் ஏதென்ஸ் நகரில் எட்டுப் பக்கம் கொண்ட கல் கோபுரம் ஒன்றைக் கட்டி, பக்கத்துக்கு ஒரு காற்றுத் தெய்வத்தைச் செதுக்கி, உச்சியில் வெண்கலத்தில் ஒரு கடல் தேவனைச் சுழல விட்டார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஃபெனுவில் மண்டபத்தின் மேல் 1742 முதல் இருப்பது செம்பாலான வெட்டுக்கிளி. அவரவர்க்குப் பிடித்தது அவரவருக்கு. நமக்கு மயில் இருக்கிறது. தோகை மடக்கிய மயிலைப் பக்கவாட்டில் பாருங்கள்: சின்னத் தலை, ஒல்லிக் கழுத்து, பின்னால் நீண்ட தோகை. காற்றுகாட்டிக்கு என்றே செய்தது போன்ற உருவம். தோகை விரித்த மயில் வேண்டாம். அது முன்பக்கம் பார்க்க அழகு, காற்றுக்கு உதவாது. மீனும் நல்லது, வால் துடுப்பைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும். காங்கேயம் காளை வேண்டும் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. திமிலும் கொம்பும் மார்பும் எல்லாம் முன்பக்கமே கனத்துக் கிடப்பதால் காளை தனியாக நிற்காது. காளையை ஒரு நீளக் கம்பியின் மேல் நடுவில் நிறுத்தி, கம்பியின் பின்முனையில் பெரிய தகடும் முன்முனையில் அம்பும் வைத்தால் சரியாக வரும்.

இன்னொன்று: வாலில் ஓட்டை ஓட்டையாக ஜாலி வேலைப்பாடு வேண்டாம். காற்று ஓட்டை வழியாகப் போய்விட்டால் தள்ளுவதற்கு எதுவும் மிஞ்சாது. வேலைப்பாடெல்லாம் தலையிலும் கழுத்திலும் இருக்கட்டும். வால் முழுத் தகடாக இருக்கட்டும். 12 அடி உயரத்துக்கு இரண்டடி நீள உருவம் கண்ணுக்கு அளவாக இருக்கும். ஒன்றரை அடிக்குக் கீழே போனால் திண்ணையிலிருந்து எது மூக்கு எது வால் என்று வயதானவர்களுக்குத் தெரியாது.

உலோகத்தில் என் முதல் தேர்வு எவர்சில்வர் தகடு, 304 தரம், 16 கேஜ். துருப்பிடிக்காது, லேசர் வெட்டுக்கு நன்றாக வரும். கோயம்புத்தூரில் லேசர் வெட்டும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. படத்தைக் கணினிக் கோப்பாகக் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். செம்பு இன்னும் அழகு, மழையும் வெயிலும் பட்டு முதலில் பழுப்பாகும், வருடக் கணக்கில் பச்சை படியும். ஆனால் விலை அதிகம். திருட்டுப் பயமும் உண்டு. சாதா இரும்பு மலிவு. 2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் கிட்டத்தட்ட 16 கிலோ, அதே கனத்தில் அலுமினியம் ஐந்தரைக் கிலோதான். கனம் கூடக் கூட அச்சில் உராய்வு கூடும், மெல்லிய காற்றுக்கு அசையாது. இரும்புதான் என்றால் லேசர் வெட்டிய விளிம்பைக் கட்டாயம் அரம் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வெட்டின சூட்டில் விளிம்பில் ஒரு கருப்புத் தோல் படிந்திருக்கும். அதன் மேல் பெயின்ட் பிடிக்காது, பவுடர் கோட்டிங்கும் பிடிக்காது, முதல் மழைக்காலத்திலேயே விளிம்பிலிருந்து உரிய ஆரம்பிக்கும். அலுமினியத்தையும் செம்பையும் நேரடியாக ஒன்றோடொன்று தொட விடாதீர்கள். ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். நடுவே நைலான் வாஷர் போடுங்கள்.

அப்புறம் அச்சு. காற்றுகாட்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மோட்டார் பேரிங் போட்டால் வழுக்கிக்கொண்டு சுழலும் என்று எல்லோரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் முதலில் 6202 சீல் பேரிங் இரண்டைப் போட்டேன். ஆடியில் அருமையாக ஓடியது. மார்கழிக் காலையில் இலை அசையும் காற்றில் அசையவே இல்லை. சீலின் உராய்வு, உள்ளே இருக்கும் கெட்டியான கிரீஸ், இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. அந்தப் பேரிங் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுக்குச் செய்தது, நம் வேலைக்கு அல்ல.

எளிய வழி இது. கம்பத்தின் உச்சியில் 12 மில்லிமீட்டர் எவர்சில்வர்க் கம்பி, ஓர் அடி நீளம், செங்குத்தாக. அதன் தலையில் சின்னக் குழி போட்டு ஒரு சைக்கிள் பால்ரஸ் குண்டை வையுங்கள். உருவத்தோடு சேர்ந்த குழாய், மேல் முனை அடைத்தது, தொப்பி போல அந்தக் கம்பியின் மேல் கவிழ்ந்து குண்டின் மேல் உட்காரும். மொத்த எடையும் அந்த ஒரு குண்டின் மேல்தான். குழாயின் கீழ் வாயில் ஒரு நைலான் புஷ், ஆட்டம் காணாமல் இருக்க. மழைத் தண்ணீர் உள்ளே போக வழியில்லை, தூசியும் போகாது. கவிழ்ந்த தொப்பிதானே, ஆடிக் காற்றில் கழன்று பறக்காதா என்று கேட்பீர்கள். குழாய் எட்டு அங்குலமாவது கம்பியின் மேல் இறங்கியிருந்தால் பறக்காது. மனது கேட்காவிட்டால் கம்பியில் ஒரு பள்ளம் கடைந்து, குழாயில் ஒரு ஸ்க்ரூ போட்டு அந்தப் பள்ளத்தில் தொட்டும் தொடாமலும் நிறுத்தலாம். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும், கிரீஸ் வேண்டாம். குழாயின் கீழ் வாய்க்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விடாதீர்கள். விட்டால் குளவி உள்ளே மண்கூடு கட்டிவிடும். எண்ணெய் தீர்ந்து நின்றவற்றைவிடக் குளவி அடைத்து நின்றவற்றைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அச்சு சரியா என்று பார்க்க ஒரு அளவுகோல் இருக்கிறது. காற்றின் வேகத்துக்கான பியூஃபோர்ட் அளவையில் இரண்டாம் படி என்பது மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர் வரை: முகத்தில் காற்றுப் படுவது தெரியும், இலைகள் சலசலக்கும், சாதாரணக் காற்றுகாட்டி நகரும். முதல் படியில் புகை மட்டும்தான் திசை காட்டும், காற்றுகாட்டி காட்டாது. ஆகவே அரசமர இலை சலசலத்து, உங்கள் சேவல் மட்டும் நின்றால் அச்சைக் கழற்றிப் பாருங்கள். புகை மட்டும் சாய்ந்தால் சேவலைத் திட்ட வேண்டாம்.

திசை எழுத்துகளைத் தமிழில் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வ, கி, தெ, மே. ஆங்கில எழுத்துகளோடு கடையில் வருவதைக் கழற்றிவிட்டு இவற்றை வெட்டிப் போடலாம். ஆனால் பட்டறையில் ஒன்று சொல்ல வேண்டும்: ‘தெ’, ‘மே’ இரண்டிலும் கொம்பும் எழுத்தும் தனித்தனித் துண்டு. கீழே ஒரு பட்டை வைத்து இணைக்காவிட்டால் கையில் இரண்டு இரண்டாக வரும். காற்றுகளின் பெயரையே வைத்தால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. முதலெழுத்து மட்டும் போட்டால் கொண்டலின் ‘கொ’வும் கோடையின் ‘கோ’வும் பத்தடித் தூரத்தில் ஒன்றாகத் தெரிகின்றன. முழுப் பெயராக வெட்டினால்தான் சரி, அதற்குக் கைகள் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீளம் வேண்டும். என் தோட்டத்தில் அப்படித்தான் செய்தேன். பட்டறையில் ஒருவர் குப்புறப் போட்டுப் பற்றவைத்ததில் கிழக்கும் மேற்கும் இடம் மாறி வந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கவனித்தேன். மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் ஓடும் முறையில் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று வர வேண்டும். பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் நிமிர்த்தி வைத்து ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

வடக்கைக் கண்டுபிடிக்க செல்போன் திசைகாட்டியை இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், அது பொய் சொல்லும். பத்து இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். நம் பகுதியில் காந்த ஊசியின் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான், அதை விட்டுவிடலாம். எனக்குப் பிடித்தது நிழல் முறை, பழைய கொத்தனார்கள் சங்கு என்கிற நிழல் குச்சியை நட்டுப் பார்ப்பது. சமதரையில் ஒரு நேரான குச்சியை நட்டு அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கல், பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தில் ஒரு கல். காலைக் கல் மேற்கு, மாலைக் கல் கிழக்கு, இரண்டையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்குக் கோடு. உச்சி வேளை நிழல் வடக்கைக் காட்டும் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். நம் ஊரில் அதை நம்பிவிடாதீர்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை சூரியன் நம் உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது, அப்போது உச்சி நிழல் தெற்கே விழும். இரவில் பார்ப்பதானால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டிப் பிடித்த முஷ்டி. வடக்கே தென்னை நின்றால் தெரியாது.

கம்பத்துக்கு ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய் போதும். ஆனால் நேராகக் கான்கிரீட்டில் புதைக்காதீர்கள். இரண்டு அங்குலக் குழாயில் மூன்றடித் துண்டை உறையாகப் புதைத்து, கம்பத்தை அதற்குள் இறக்கி, உறையின் பக்கவாட்டில் மேலே மூன்று, கீழே மூன்று போல்ட் வைத்து முறுக்குங்கள். ஒன்றுக்குள் ஒன்று நான்கைந்து மில்லிமீட்டர் இடைவெளியோடு போகும். அந்த இடைவெளியை வைத்தே கம்பத்தைத் தூக்குக்குண்டுக்கு நேராகச் சரிசெய்யலாம். மண் அசைந்து கம்பம் சாய்ந்தாலும் போல்ட்டைத் திருகி மறுபடி நிமிர்த்தலாம். எண்ணெய் விடவும் கழற்றி இறக்கலாம், ஏணி வேண்டாம். கீழ் போல்ட்டுகளும் தரைக்கு மேலே இருக்கும்படி உறை ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உறையின் அடியில் கான்கிரீட் அடைக்காமல் ஜல்லி மட்டும் போட்டால் தண்ணீர் வடிந்துவிடும். செம்மண்ணில் இரண்டடிக் குழி போதும். உங்கள் மண் கரிசல் என்றால் மூன்றடி தோண்டி, அடியிலும் பக்கத்திலும் அரை அடி கிராவல் போட்டு இடித்து, அதற்குள் சிமென்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவையில் கான்கிரீட் போடுங்கள். ஏழு நாள் தண்ணீர் விட்டு ஊறிய பிறகு கம்பத்தை ஏற்றுங்கள்.

இவ்வளவு கனம் எதற்கு என்று தோன்றலாம். கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 875, கோவை வட்டாரத்துக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் ஏறக்குறைய 90 கிலோ எடை சாய்ந்தது போல அழுத்தம் விழும். இரண்டு சதுர அடி மயிலுக்கு 17 கிலோ. அச்சு இறுகி அது திரும்பாமல் நின்றுவிட்டால், 12 அடி உச்சியில் ஓர் ஆள் கயிறு கட்டி இழுப்பது மாதிரிதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை.

மின்கம்பி விஷயத்தில் சமரசம் வேண்டாம். கிணற்று மோட்டாருக்குப் போகும் லைனிலிருந்து, கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் தொடாத தூரத்தில் நடுங்கள். 12 அடிக் கம்பத்துக்கு 20 அடி தள்ளி. ஏற்றும்போதும் இறக்கும்போதும் தலைக்கு மேலே ஒரு தரம் பார்த்துவிட்டுத் தூக்குங்கள். இடியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். தோட்டத்தில் உங்கள் கம்பத்தைவிடத் தென்னை நாலைந்து மடங்கு உயரம், கம்பத்தால் புதிதாக ஆபத்து வராது. ஆனால் மாடிக்கு மேலே, சுற்றிலும் அதுவே உயரமான உலோகம் என்கிற மாதிரி வைத்தால், விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டு தனிப் பட்டை இறக்கி, இடிதாங்கிக்கு உரிய முறைப்படி எர்த் செய்த பிறகுதான் வைக்க வேண்டும். சித்திரை, ஐப்பசி இடிமழையில் அதன் பக்கத்தில் யாரும் போக வேண்டாம்.

பராமரிப்பு வருடத்துக்கு இரண்டு முறை போதும், வைகாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும். இறக்கி, குண்டைத் துடைத்து, தேய்ந்து தட்டையாகியிருந்தால் மாற்றி, எண்ணெய் விட்டு, ரசமட்டம் வைத்துக் கம்பத்தைப் பார்த்து ஏற்றிவிடுங்கள். அரை மணி நேர வேலை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்த ஆடியிலேயே மூங்கிலும் துணியும் வைத்து இடம் பாருங்கள். அதே சேவலை எடுத்து மூக்கில் எடை சேர்த்து, அச்சை மாற்றி, 12 அடியில் ஏற்றுங்கள். புது மயில் அடுத்த வருடம் செய்துகொள்ளலாம். புரட்டாசிக் கடைசியில் மேல்காற்று தளரும். அதன் பிறகு சில நாள் சேவல் எந்தப் பக்கமும் உறுதியாக நிற்காது, காலையில் ஒரு திசை, சாயங்காலம் ஒரு திசை என்று திரியும். அது பழுது இல்லை, காற்று மாறும் நேரம். பிறகு ஒரு நாள் காலையில் கிழக்கைப் பார்த்து நின்று, அடுத்தடுத்த நாளும் அப்படியே நிற்கும். அந்தத் தேதியை மாமனாரைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், வேலந்தாவளத்தில் என் காற்றுகாட்டி எந்த நாளில் திரும்பியது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.